நடைக் கதவைத் திறக்கச் சொன்னார்

போன மாதம் சுங்கை பினாங்கில் என் பிளாட்டுக்கு ஒரு பையன் வந்து, சமையலறைச் சுவரைத் துளைத்து, புகை இழுக்கும் ஃபேன் ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். என் மகளின் ஏற்பாடு. "நீங்க மீன் பொரிச்சா லிஃப்ட் வரைக்கும் வாசம் வருதுலா, அம்மா" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் நல்ல வேலைக்காரன். துளை போடும் மெஷின் ஒன்று வைத்திருந்தான். அரைமணி நேரத்தில் சுவரில் வட்டமாக ஓட்டை விழுந்துவிட்டது. எல்லாம் முடிந்து தூசியைக் கூட்டி அள்ளியபிறகு வாசலில் நின்று திரும்பிச் சொன்னான்.

"ஆன்டி, ஒண்ணே ஒண்ணு. ஃபேன் ஓடுறப்ப முன் கதவு கொஞ்சம் தொறந்திருக்கணும். எல்லாத்தையும் சாத்திட்டா அது சும்மா சுத்தும், இழுக்காது. காத்து ஒரு பக்கம் உள்ள வந்தாத்தானே மறுபக்கம் வெளிய போகும்?"

நான் தலையை ஆட்டினேன். அவன் போனபிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை இன்னொருவர் என்னிடம் சொல்லி, "இத மட்டும் மறந்துடாத பாப்பா" என்றார். நான் மறக்கவில்லை. சொல்லவேண்டியவரிடம் சொல்லவும் இல்லை.

காலை நடைக்கு வரும் என் தோழிகளே, அன்று கடலோரத்தில் அந்தச் சிமிந்தி பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவரும் சின்ன வயதுக் குறும்பைச் சொல்லிச் சிரித்தீர்களே. ஒருத்தி கிளினிக் ஊசிக்குப் பயந்து தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்தது, ஒருத்தி டீச்சரின் குடையைச் சாக்கடையில் போட்டது. "உனக்கு ஒண்ணுமே இல்லையா, அவ்வளவு நல்ல புள்ளையா நீ?" என்று என் தொடையில் தட்டினீர்கள். எனக்கும் ஒன்று இருக்கிறது. பெஞ்சில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும்போலிருக்கிறது.

எங்கள் வீடு ஜார்ஜ் டவுனில், கோயிலுக்குப் பின் தெருவில் இருந்த பழைய கடைவீடு. ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் கூடம், நடுவில் வானம் தெரியும் சின்ன முற்றம், கடைசியில் அடுப்படி. அடுப்படிக்கு இரண்டு கதவு. முற்றத்திலிருந்து உள்ளே வருவதை நடைக் கதவு என்போம். சந்துப் பக்கம் திறப்பது பின் கதவு. ஜன்னல் கிடையாது. அந்த இருட்டில்தான் அம்மா முறுக்கு சுட்டார்.

சாதாரண நாளில் வாரம் இரண்டு தடவை சுடுவார். தீபாவளிக்கு முன் இரண்டு மாதம் தினமும். நம் ஆட்கள் மட்டுமல்ல, எதிர்வரிசைச் சீன வீடுகள், பள்ளிக்கூடத்து மலாய் டீச்சர்கள், எல்லாருக்கும் அம்மாவின் முறுக்கு வேண்டும். கருவேப்பிலையும் ஓமமும் எண்ணெயில் விழும்போது எழும் வாசனை முதல் ஐந்து நிமிஷம் சொர்க்கம். அதற்குப் பிறகு கண் எரியும். சுவர் பழுப்பேறி, கூரை கறுத்து, சிலந்தி வலைகூட எண்ணெய் குடித்துக் கயிறு மாதிரி தொங்கும். என் பள்ளிச் சட்டையில் அந்த வாசம் போகவே போகாது. வகுப்பில் என் பட்டப்பெயர் என்ன என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அம்மா இருமுவார். முறுக்குப் பிழியும் கை நிற்காது, முகத்தை மட்டும் தோளுக்குத் திருப்பி இருமிவிட்டு மறுபடி பிழிவார். அப்பா துறைமுகத்து வேலைக்காரர். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். அம்மா சொல்வார், "உங்கப்பா இது வரைக்கும் பாத்தது எல்லாத்தையும் ஒரு மியூசியத்துல வைக்கலாம்."

ஒரு வழக்கம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. முறுக்குச் சட்டி அடுப்பில் இருக்கும்போது அம்மா இரண்டு கதவையும் சாத்திவிடுவார். காய்ந்த எண்ணெய்மேல் வெளியாள் கண் பட்டால் முறுக்கு எண்ணெய் குடித்துவிடும், உடைந்துபோகும் என்று நம்பினார். நடைக் கதவைத் திறந்தால் முற்றம் தாண்டி, கூடம் தாண்டி, தெருவரை நேராகத் தெரியும். பகலில் எங்கள் தெருக் கதவு திறந்தே இருக்கும், குறுக்குக் கம்பிகள் மட்டும் போட்டிருப்போம். போகிற வருகிறவர்கள் கண்ணெல்லாம் சட்டிக்குள் விழும் என்பது அம்மாவின் கணக்கு. "எண்ணெய்க்கு வெக்கம் ஜாஸ்தி" என்பார். அந்தப் புகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பற்றி அவருக்குக் கேள்வியே இல்லை.

ஃபேன் போடுவது சித்தப்பாவின் யோசனை. அப்பாவின் ஒரே தம்பி. தாத்தா, பாட்டி போனபிறகு பன்னிரண்டு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர். அம்மாதான் சோறு போட்டார், சட்டை தைத்தார், பள்ளிக்கு அனுப்பினார். பெரியவராகி, கடலுக்கு அக்கரையில் புக்கிட் தெங்கா பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலைக்குப் போனார். அங்கே வேலை செய்த சித்தியைக் கட்டிக்கொண்டார். சித்தி மாதா கோயில்காரர். கல்யாணமும் அங்கேதான்.

அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை. தெருவில் எல்லாரும், கோயில் மாறினதுதான் காரணம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா ஒருநாள் மாவு பிசைந்துகொண்டே தனக்குத்தானே சொன்னதைக் கேட்டிருக்கிறேன். "ஃபேக்டரி பூராவும் தெரிஞ்சிருக்கு. சாப்பாட்டுக் கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குக் கடைசியா சொல்றான்."

அதிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் சித்தப்பா வருவதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். இரண்டு பேருக்கும் நடுவில் நான். நம் வீடுகளில் இது புதுசில்லை, பேசாத பெரியவர்களுக்கு நடுவில் ஒரு பிள்ளை தந்திக் கம்பி மாதிரி நிற்கும். இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பார்கள். கைநீட்டினால் தொடலாம்.

"பாப்பா, அண்ணிகிட்ட சொல்லு, சுவத்துல ஓட்டை போட்டு ஒரு ஃபேன் வச்சா புகை எல்லாம் சந்துக்குப் போயிடும்னு."

நான் திரும்பி, "அம்மா, சுவத்துல ஓட்டை போட்டு ஃபேன் வச்சா புகை போயிடுமாம்."

"சுவரு வீட்டுக்காரனோடது, உங்க சித்தப்பாவோடது இல்லன்னு சொல்லு."

"சித்தப்பா, சுவரு…"

"கேட்டேன். வீட்டுக்கார தவுக்கேகிட்ட அண்ணன் பேசிட்டாரு, சரின்னுட்டாருன்னு சொல்லு."

"உங்கப்பா பேசினாரா!" இதை அம்மா யாருக்குச் சொன்னார் என்று தெரியாததால் நான் கடத்தவில்லை.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பத்து வயதில் வேறு யார் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறார்கள்? கொஞ்ச நாளில் சேதிகளைத் திருத்தவும் கற்றுக்கொண்டேன். காரமானதைக் குறைப்பேன், சில சமயம் சர்க்கரை சேர்ப்பேன். "டீ குடிச்சிட்டுப் போவச் சொல்லு" என்று அம்மா கடுகடுத்ததை, "சித்தப்பா, அம்மா உங்களுக்காக டீ போட்டு வச்சிருக்காங்க" என்று மாற்றுவேன். இரண்டு பேருக்கும் நல்லது செய்கிற நினைப்பு எனக்கு. எதைச் சொல்வது, எதை விடுவது என்பது என் இஷ்டம் என்கிற எண்ணம் அங்கேதான் முளைத்தது.

வேலை மூன்று ஞாயிறு நடந்தது. முதல் ஞாயிறு சித்தப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுத்தியல் பிடியால் சுவரை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டார். பழைய சுண்ணாம்புச் சுவர், ஒன்றரைச் செங்கல் கனம். அடுப்புக்கு மேலே, பின் கதவிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, நடைக் கதவுக்கு நேர் எதிரே ஓர் இடம் பார்த்தார். கரித்துண்டால் சதுரம் போட்டார். ஏன் அந்த மூலை என்று அம்மா என் வழியாகக் கேட்டார். "காத்து அந்தக் கதவுல நுழைஞ்சு அண்ணி தலைமேல போயி இந்தப் பக்கம் வெளிய போவணும்னு சொல்லு" என்றார். நான் "அதுதான் நல்ல இடமாம்" என்று சுருக்கிவிட்டேன். பாருங்கள், அப்போதே ஒன்றை விழுங்கியிருக்கிறேன்.

சதுரத்தின் நடுவில் நீண்ட இரும்புக் கம்பியை வைத்து அடித்தார். என்னைச் சந்துக்கு அனுப்பினார்கள், கம்பி எங்கே வெளியே வருகிறதென்று பார்க்க. முதலில் சுண்ணாம்பு உதிர்ந்தது. அப்புறம் கம்பியின் மூக்கு. "வந்துருச்சு!" என்று கத்தினேன். உள்ளிருந்து அம்மாவும் "வந்துருச்சாம்" என்றார், யாரையும் பார்க்காமல், நேரடியாக. தன் வாயிலிருந்து வந்ததை உணர்ந்து உடனே இருமிக்கொண்டாராம். சித்தப்பா பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

உளியால் கோடு வெட்டி, நடுக் கல்லை முதலில் எடுத்து, மற்றதை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். மேல்வரிசை இறங்காமலிருக்க ஓர் இரும்புப் பட்டையைக் குறுக்கே செருகினார். எடுத்த கற்களை உடைக்காமல் சந்தில் அடுக்கி வைத்தார். அதில் ஒரு கல்லில் மூன்று விரல் பதிந்த தடம் இருந்தது. எந்தக் காலத்திலோ கல் காய்வதற்குள் யாரோ தூக்கியிருக்கிறார்கள். என் விரல்களை அதில் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. சின்னக் கை யாருடையதோ.

மரச் சட்டத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து, மழை உள்ளே வராதபடி வைத்துச் சிமிந்தி பூசினார். ஒரு வாரம் காயவேண்டும் என்றார். "ஓட்டையைப் போட்டுட்டுப் போறாரு, எலி வரட்டும், பூனை வரட்டும், திருடன் வரட்டும்" என்று அம்மா சாக்கைத் தொங்கவிட்டார். மறுநாள் காலை நான் எழுந்துபோனபோது சாக்கை ஒதுக்கிவைத்திருந்தார். ஒரு சதுர வெயில் அடுப்படித் தரையில் விழுந்திருந்தது. அந்த அடுப்படிக்குள் அதுவரை வெயில் வந்ததே இல்லை. அம்மா மாவுக் கையை அதில் நீட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். "இத யார்கிட்டயும் போயி ஒலிபரப்பு பண்ணாத" என்றார்.

இரண்டாவது ஞாயிறு, காற்றுத் தள்ளினால் திறந்துகொள்ளும் வெளிப்பக்கத் தகடுகளையும் வயரையும் மாட்டினார். அன்று அவருக்காக அம்மா முக்காலியில் வைத்ததில் டீ மட்டுமில்லை, இரண்டு முறுக்கும் இருந்தன. மூன்றாவது ஞாயிறு ஃபேனையே கொண்டுவந்தார், மோட்டார் சைக்கிளின் பின்னால் கம்பளியில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி கட்டி. பச்சை இறக்கை, கனத்த இரும்பு வளையம். பழைய சைக்கிள் டியூபை வட்டம் வட்டமாக வெட்டி நட்டுக்கு அடியில் வைத்தார், சுவர் அதிராமலிருக்க. மாட்டி முடித்து சுவிட்சைப் போட்டதும் வெளித் தகடுகள் டப்பென்று நிமிர்ந்து நின்றன. ஒரு பேப்பர்த் தாளை உள்பக்கக் கம்பி வலைக்கு முன்னால் பிடித்து விட்டார். தாள் கையைவிட்டுப் பறந்துபோய் வலையில் ஒட்டிக்கொண்டது. விழவே இல்லை.

அன்று அவர் சாமான்களை ஏற்றி இறக்க நடைக் கதவு காலையிலிருந்து திறந்தே கிடந்தது. பின் கதவு சாத்தியிருந்தது. அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை.

அம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா கை கழுவச் சந்துக்குப் போனதும் என்னைக் கிட்டே இழுத்தார்.

"இந்த வருஷம் தீபாவளிக்கு அவனையும் அவளையும் சாப்பிட வரச் சொல்லணும். இப்ப சொல்லாத. நாளைக்கு மொத ஈடு புகையில்லாம எடுத்துடறேன். அப்பறம் அடுத்த ஞாயித்துக்கெழம வருவான்ல, அப்ப நீ சொல்லு. நீயா சொல்ற மாதிரி சொல்லு."

அவன், அவள் என்றார். "உங்க சித்தப்பா" என்று தள்ளிவைத்துப் பேசுவது போய், மறுபடி அவன் ஆகியிருந்தார். எனக்கு அது போதும். குதிக்க வேண்டும்போலிருந்தது. சித்தி வந்தால் என் தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போடுவார். சித்தியை அதுவரை இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன், மாதா கோயில் வாசலில், அப்பாவோடு ஒளிந்து போய்.

அம்மா கூடத்துக்குப் போய்விட்டார். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

"பாப்பா, அண்ணிகிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஃபேன நிறுத்திட்டு எறக்கைய சுடுதண்ணில தொடைக்கணும். அடுத்தது, முறுக்கு சுடுறப்ப பின் கதவ சாத்திட்டு நடைக் கதவ தொறந்து வைக்கணும். அது தொறக்கலன்னா காத்து உள்ள வராது, புகை வெளிய போவாது. அண்ணி கண்ணுப்படும்னு சாத்துவாங்க, எனக்குத் தெரியும். நீதான் சொல்லிப் புரிய வைக்கணும். இத மட்டும் மறந்துடாத."

"சொல்றேன் சித்தப்பா."

ஃபெரிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

இறக்கை துடைப்பதைச் சொன்னேன். கதவைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நடைக் கதவைத் திறக்கச் சொன்னால் அம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "அப்ப நீ போயி முன்னால உக்காரு, எவனும் உள்ள எட்டிப் பாக்காம பாத்துக்கோ" என்பார். தினமும், பள்ளி விட்டு வந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, காவல். அந்த மாதம் எங்கள் கடைவரிசை நடைபாதையில் சீரோ பாயிண்ட் போட்டி நடந்துகொண்டிருந்தது. ரப்பர் பேண்டுகளைக் கோத்துக் கயிறாக்கி இரண்டு பேர் பிடிக்க, மற்றவர்கள் தாண்டுவது. உங்களுக்குத் தெரியாததா? நான் தோள் உயரம் தாண்டியிருந்தேன். காது உயரம் மிச்சம். அவ்வளவுதான் காரணம். ஒரு ரப்பர் கயிறு.

மறுநாள் அம்மா தலை குளித்து, சுவிட்சுக்கே குங்குமம் வைத்து, இரண்டு கதவையும் சாத்திக்கொண்டு முதல் ஈடு போட்டார். ஃபேன் இரைந்து சுற்றியது. புகை போகவில்லை. கூரைக்கடியில் திரண்டு, வளையம் வளையமாக ஃபேனைச் சுற்றி வந்து மறுபடி கீழே இறங்கியது. அம்மா யோசித்துப் பின் கதவைத் திறந்தார். ஃபேன் சந்துக்குத் தள்ளிய புகை பக்கத்திலேயே திறந்திருந்த கதவு வழியாக வீட்டுக்குள் திரும்பி வந்தது. "இந்தப் பக்கம் வழியனுப்பிட்டு அந்தப் பக்கம் வரவேத்துக்குது" என்று அம்மா முதல் நாள் சிரித்தார்.

இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் புகையில் எண்ணெயின் நிறம் தெரியாமல் ஓர் ஈடு முழுக்கக் கருகியது. ஒரு டீச்சர் வீட்டுப் பிள்ளையின் நிச்சயத்துக்காகக் கேட்டிருந்தது. அம்மா அந்தக் கரிய முறுக்குகளைத் தாளில் கொட்டிவிட்டு அதன்முன் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். புகையாலா, வேறு எதனாலுமா என்று எனக்கு நிச்சயமில்லை. நான் நடைக் கதவின் இந்தப் பக்கம், முற்றத்தில் நின்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால், "இத ஏண்டி அன்னைக்கே சொல்லல?" என்ற கேள்வி வரும். அதற்குப் பின்னால் கரண்டி வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் அப்படியே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பா, "தம்பிய வந்து பாக்கச் சொல்லவா?" என்றார். பாக்கலாம் என்று சொல்லாத ஒரே தடவை. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அவரு ஃபேக்டரியில எவ்வளவு பெரிய மெஷினெல்லாம் ஓட்டுறாரு. இத மட்டும் தெரியாமயா வச்சிருப்பாரு? நான் கல்யாணத்துக்கு வரலல்ல. நல்லா அனுபவின்னு வச்சிட்டுப் போயிருக்காரு."

மறுபடி அவர் ஆகிவிட்டார்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா சிரித்துக்கொண்டே வந்தார், கையில் சித்தி செய்த கேக் டப்பா ஒன்று. சந்து வழியாகச் சுற்றி வந்தவருக்கு எதிரே அம்மா பின் கதவு வாசலில் நின்றார், நகரவில்லை. என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்.

"உங்க சித்தப்பாவ வந்து அவரு வச்ச அழகப் பாக்கச் சொல்லு."

அவர் எட்டிப் பார்த்தார். சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, ஃபேன் ஓடியது, புகை அப்படியே நின்றது. நடைக் கதவுக்கு உள்பக்கம் போட்டிருந்த தாழ்ப்பாளைப் பார்த்தார். திறந்து கிடந்த பின் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா. நான் சொல்லச் சொன்னத அம்மாகிட்ட சொன்னியா?"

அம்மாவும் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள், நான் எப்போதும் ஆசைப்பட்ட மாதிரி.

"சொன்னேன்" என்றேன்.

சித்தப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும். "என்ன சொன்ன, எங்க, திருப்பிச் சொல்லு பாப்போம்" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அம்மா கையில் சல்லடைக் கரண்டி இருந்தது. அதையும் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி நேராக அம்மாவிடம் பேசினார். ஒரு வருஷத்தில் முதல் தடவை.

"என் வேலைதான் சரியில்ல அண்ணி. எடத்தத் தப்பாப் பாத்துட்டேன்."

அவர் நேராகப் பேசியதற்குப் பதிலும் நேராக வந்திருக்கலாம். அம்மாவின் உதடு ஒரு தடவை பிரிந்ததை நான் கண்டேன். ஆனால் ஒரு வாரப் புகை, கருகிய ஈடு, எல்லாம் சேர்ந்து முகத்தைத் திருப்பி என்னிடம் சொல்ல வைத்தது.

"அத கழட்டி எடுத்துட்டுப் போவச் சொல்லு. ஓட்டையையும் அடைச்சிட்டுப் போவச் சொல்லு."

இரண்டடி தூரத்தில் நின்ற மனிதரிடம் நான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கேட்டுவிட்டார் என்று தெரியும். ஆனாலும் காத்திருந்தார், நான் சொல்லட்டும் என்று. சொன்னேன். ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல், சர்க்கரை சேர்க்காமல் நான் கடத்திய ஒரே சேதி அதுதான்.

சந்தில் அடுக்கியிருந்த அதே கற்களைக் கொண்டு அன்றே அடைத்தார். நான் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்தேன். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை. விரல் தடம் பதிந்த கல்லைக் கடைசியில் கொடுத்தேன். தடம் உள்பக்கம் தெரியும்படி வைத்தார். சதுர வெயில் மெலிந்து மெலிந்து ஒரு கோடாகி, அதுவும் போனது. கிளம்பும்போது என் தலையில் கை வைத்து, "நல்லா படி" என்று மட்டும் சொன்னார். கேக் டப்பாவை அம்மா திருப்பி அனுப்பவில்லை. திறக்கவும் இல்லை. தீபாவளிவரை அலமாரியில் இருந்து எறும்பு மொய்த்தது.

தீபாவளிக்குக் கூப்பிடச் சொன்ன சேதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆக, அவர் அம்மாவுக்குச் சொன்னது ஒன்று, அம்மா அவருக்குச் சொன்னது ஒன்று, இரண்டும் என்னிடமே நின்றுவிட்டன. சித்தப்பாவின் வரவு மாதம் ஒன்றாகி, பிறகு பொங்கலுக்கு மட்டுமாகி, நின்றது. அவர்கள் நிபோங் திபாலில் சித்தியின் ஆட்கள் பக்கம் குடிபோனார்கள். அம்மா இன்னும் இருபது வருஷம் அந்தப் புகையில் முறுக்கு சுட்டார். சித்தப்பா இறந்தபோது அம்மா மாதா கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், இருமல் வந்தால் வெளியே போகச் சௌகரியமாக. பூசை முடியும்வரை இருமலை அடக்கி வைத்திருந்ததில் அவர் தோள் குலுங்கியது. பக்கத்தில் நான். அன்றும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மூன்றாம் வருஷம் அம்மாவும் போய்விட்டார். கடைசிவரை, சித்தப்பா வேண்டுமென்றே செய்தார் என்றே நம்பினார்.

காது உயரம் நான் தாண்டினேனா என்று கேட்பீர்கள். தாண்டவில்லை.

அந்த வீடு இப்போது வெள்ளைக்காரர்கள் தங்கும் சின்ன ஹோட்டல். போன வருஷம் மகளோடு காப்பி குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன். எங்கள் அடுப்படிதான் காப்பிக் கடை. சுண்ணாம்பையெல்லாம் உரித்து, செங்கல் தெரிகிற மாதிரி விட்டிருக்கிறார்கள், அதுதான் அழகாம். அடுப்பு இருந்த இடத்துக்கு மேலே ஒரு சதுரம் மட்டும் வேறு நிறச் சிமிந்தியோடு தனியாகத் தெரிந்தது. அதில் மூன்று விரல் தடம். அதன்கீழ் நின்று இரண்டு பெண்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் காப்பி ஆறிவிட்டது.

இந்த ஃபேன் பையன் போன அன்று, வெகுநேரம் யோசித்து, நிபோங் திபாலுக்குப் போன் போட்டேன். சித்திக்கு எண்பதை நெருங்குகிறது. காது கொஞ்சம் மந்தம். கதையைச் சொல்ல இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. நடைக் கதவு, ரப்பர் கயிறு, "சொன்னேன்" என்று நான் சொன்ன பொய், எல்லாம் சொன்னேன். கடைசியில், "சித்தி, அந்த வருஷம் தீபாவளிக்கு உங்க ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடச் சொல்லி அம்மா என்கிட்ட சொன்னாங்க. நான் சொல்லல" என்றேன்.

சித்தி போனை மறு காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது.

"கதவு சங்கதி அவரு அன்னைக்கே சொல்லிட்டாருடி" என்றார் சித்தி. "சின்னப் புள்ள, பயந்துருச்சு, அடி வாங்க விடலாமான்னாரு. அது எனக்குத் தெரியும்."

"சித்தி…"

"ஆனா கூப்பிடச் சொன்னாங்கன்னு இப்பதான் தெரியுது." குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்த வருஷம் நான் ஒரு சேல எடுத்து வச்சிருந்தேன். அரக்குல. ஃபேன் நல்லா ஓடுனா அண்ணி கூப்பிடுவாங்கன்னு இவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. தீபாவளியன்னைக்குப் பத்து மணி வரைக்கும் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவருக்குத் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும், இல்ல?"

நான் அழுதேன். அவர் அழாதே என்று சொல்லவில்லை. சொல்லாததும் சரிதான். அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இந்த வருஷம் வாங்க சித்தி. நான் வந்து கூட்டிக்கிட்டு வரேன்."

"பாப்போம். முட்டி வலி." பிறகு, "இப்ப வச்சியே ஃபேன், அது இழுக்குதா?"

"இழுக்குது சித்தி."

"கதவு?"

"தொறந்திருக்கு."

திறந்துதான் இருந்தது. அதற்கு முன்னால் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். வராந்தாவிலிருந்து காற்று என் காலைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது. மாடிப்படி ஏறிவந்த பக்கத்து வீட்டுப் பெண், "என்ன ஆன்டி, வாசல்ல உக்காந்திருக்கீங்க, யாராச்சும் வராங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, சும்மா காவல்" என்றேன்.